நேற்றுத் திறந்த அறை

போன கிழமை மானிப்பாயில் ஒரு கூல் பாருக்குள் போனேன். பெறாமகளுக்குப் பரீட்சை முடிந்த சந்தோசம், எனக்கு வெயில். ஐஸ்கிரீம் வரும்வரை சும்மா அண்ணாந்து பார்த்தால், காசு வாங்குகிறவரின் தலைக்கு மேலே ஒரு சிவப்புச் சீன விளக்கு தொங்குகிறது. குஞ்சம் பாதி உதிர்ந்து, ஈ இருந்து கறுத்துப்போன விளக்கு. அதன் அடிவிளிம்பில் வெள்ளைப் பெயின்றில் ஓர் இலக்கம். அதிலிருந்த ஒன்பதுக்கு வால் நீளம். நான் எழுதும் ஒன்பதுகளுக்கு எப்போதும் வால் நீளம்தான். சின்ன வயதில் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறேன்.

"சித்தி, உருகுது," என்றாள் பெறாமகள். உருகினால் உருகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்தப் பெயின்றின் மணம் மூக்கில் ஏறியிருந்தது.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பெயின்றைத் தெரியும். கதிரை, மேசை, உலக உருண்டை, தண்ணீர் வாளி, எதுவானாலும் இலக்கம் எழுதிய பிறகுதான் அது பள்ளிக்கூடத்துச் சொத்து. என்னைச் சீனம் படிப்பிக்கத்தான் எடுத்தார்கள். ஆனால் முதல் இரண்டு கிழமையும் நான் இலக்கம்தான் எழுதினேன். விளக்குகளில் எழுதினேன், மைக்கூடுகளில் எழுதினேன், சீன எழுத்துப் பழகும் தூரிகைகளின் காம்புகளில்கூட எழுதினேன். தூரிகையைப் பிடித்துத் தூரிகையில் எழுதிய ஒரே ஆசிரியை யாழ்ப்பாணத்தில் நானாகத்தான் இருப்பேன்.

நான் சீனம் படித்தது பெரிய கதையில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. கொழும்பில் சீனமொழி வகுப்பு ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதில் கெட்டித்தனம் காட்டியதால் ஆறு மாதம் சீனாவுக்கும் அனுப்பினார்கள். திரும்பிக் கோப்பாய்க்கு வந்தபோது ஊரில் ஒருவரும் மொழியைப் பற்றிக் கேட்கவில்லை. "பாம்பு சாப்பிட்டனியே பிள்ளை?" என்றுதான் கேட்டார்கள். சோறும் முட்டையும் சாப்பிட்டு மெலிந்து வந்தேன் என்று சொன்னால் ஒருவருக்கும் திருப்தியில்லை. கடைசியில் ஒரு மாமிக்கு, ஓம், ஒருக்கால் சாப்பிட்டனான் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது.

பள்ளிக்கூடம் நகரத்தின் கடற்கரைப் பக்கம். பெயர் வேண்டாம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அங்கே சீனமொழிக்கென்று ஓர் அறை கட்டிக் கொடுத்திருந்தது. குளிரூட்டி, தொட்டால் படம் காட்டும் பலகை, கேட்டுப் பழகக் கருவிகள், அலுமாரி நிறையப் புத்தகம், வழவழப்பான தாளில் அச்சிட்ட பட அகராதிகள். திறப்புவிழாவில் நாடா வெட்டினார்கள், வடை தின்றார்கள். அதன் பிறகு அறையைப் பூட்டி, திறப்பை அதிபர் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார்.

"பிள்ளையளின்ரை கையிலை குடுத்தால் ரெண்டு நாளும் நிக்காது, ரீச்சர். உதுகள் இன்னும் பத்து வருசத்துக்கு இருக்க வேணும்."

அவரைக் கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். முடியவில்லை. ஊரோடு இடம்பெயர்ந்த காலத்தில், தன் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிச் சாவகச்சேரி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனவர் அவர். அந்த நுணுக்குக்காட்டி இன்றைக்கும் இருக்கிறது. அதையும் ஒரு பிள்ளை தொட்டுப் பார்த்ததில்லை. இணுவிலில் அவருடைய வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். வரவேற்பறைக் கதிரைகளெல்லாம் கடையில் வாங்கிய பொலித்தீனோடுதான் இருந்தன. அதன்மேல் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினால் சீலை ஒட்டிக்கொண்டு வரும்.

ஆகவே நான் சீனம் படிப்பித்தது சைக்கிள் கொட்டகையில். தகரக் கூரை, கால் உடைந்த கரும்பலகை, ஒரு துண்டு வெண்கட்டி. கூப்பிடு தூரத்தில் குளிரூட்டி பூட்டிக் கிடந்தது. சீனத்தில் ஒரே ஒலியை ஏற்றிச் சொன்னால் ஒரு கருத்து, இறக்கிச் சொன்னால் இன்னொன்று. அதைக் காட்ட நான் கையை ஏற்றி இறக்குவதைப் பார்த்து, ஓய்வறையில் கணித ஆசிரியர் "சீனா ரீச்சர் இண்டைக்கும் இலையான் கலைச்சவ" என்று ஈ விரட்டுவதுபோல் கையை வீசிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு என்ன செய்ய முடியும்? ஒரு வருட ஒப்பந்தம். நிறுவனத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் திருப்திப்பட்டால் நீடிப்பு, அதற்குப் பிறகு நிரந்தர நியமனம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா பொறுக்காமல், நியமனம் கிடைத்துவிட்டதென்றே ஊருக்குச் சொல்லியிருந்தார்.

முதல் மாதம் வகுப்பு நிறையப் பிள்ளைகள். பிஸ்கற் கொடுப்பார்கள் என்று யாரோ கதை பரப்பியிருக்கிறார்கள். பிஸ்கற் இல்லையென்று தெரிந்ததும் பாதி போனது. சோதனையில் இந்தப் பாடத்துக்குப் புள்ளி இல்லையென்று தெரிந்ததும் மீதியில் பாதி ரியூசனுக்குப் போனது. மிஞ்சியவர்களில் ஒருத்தி ஜெனிற்றா, ஒன்பதாம் வகுப்பு, குருநகர்ப் பிள்ளை. தகப்பன் முன்பு கடலுக்குப் போனவர், அப்போது கடலட்டைப் பண்ணை ஒன்றில் கூலிக்கு நின்றார்.

"நீ ஏன் உதைப் படிக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பான்ரை பண்ணைக்கு வாற சீனாக்காரர் என்ன கதைக்கினம் எண்டு அப்பாக்குச் சொல்ல வேணும், ரீச்சர். அவையள் சிரிச்சால் தன்னைப் பாத்துத்தான் சிரிக்கினமோ எண்டு அப்பா யோசிக்கிறார்."

இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை. நான் படித்த காரணம் வெட்டுப்புள்ளி. அவளுக்குப் புத்தகம் கிடையாது. நான் கரும்பலகையில் எழுதியதை மணலில் விரலால் எழுதிப் பழகுவாள். ஏற்றமும் இறக்கமும் என்னைவிட அவளுக்குச் சுத்தமாக வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட. வருடக் கடைசியில் அவளும் நானும் கொட்டகையில் நின்று சின்னச் சின்னதாகக் கதைப்போம்; மழை வரும் போலிருக்கிறது, சாப்பிட்டாயா, அந்த அறைக்குள் என்ன இருக்கிறது. பள்ளிக்கூடம் முழுவதிலும் அந்தக் கதை விளங்கியது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான்.

பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் அதிபர் அறையைத் திறந்தார். திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லாம் புத்தம் புதுசு. புத்தகங்களின் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. ஒரு வருடமாகப் பிள்ளைகள் படித்த அறை என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவிச்ச மாதிரி இருக்க வேணும், ரீச்சர். பிள்ளையளைக் கூப்பிடுங்கோ," என்றார்.

அந்தப் பின்னேரம் பிள்ளைகளுக்குத் திருவிழா. கிழிக்காதே, மடிக்காதே என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, மடி, அழுக்காக்கு என்று அதிபரே சொன்னால் எப்படி இருக்கும்? மூலைகளை மடித்தார்கள். செம்மண் தோய்ந்த கையால் பக்கங்களைத் தடவினார்கள். ஒருவன் தேத்தண்ணியைத் துளித்துளியாகத் தெளித்தான். புதுப் புத்தக மணமும் தேத்தண்ணி மணமும் கலந்து வந்தது. அதிபர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "உது காணாது, இன்னும் கொஞ்சம்," என்றார். மடித்திருந்த மூலை ஒன்றைப் பழக்கதோசத்தில் நிமிர்த்திவிட்டு, திரும்பவும் மடித்தார். பத்து வருடம் இருக்க வேண்டியதை ஒரு பின்னேரத்தில் அழிக்கிறாரே.

ஜெனிற்றா மட்டும் ஒரு மூலையில் இருந்து பட அகராதியை வாசித்துக்கொண்டிருந்தாள். மீன்களின் பக்கம். படத்தில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக முணுமுணுத்தாள். அதிபர் அதைக் கண்டார். அவளுடைய கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தையே கசக்கி, விரித்து, திரும்பவும் அவளிடம் கொடுத்தார். அவள் மடியில் வைத்து அதைக் கையால் நீவி நீவி நேராக்கினாள்.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். நடுவயதுச் சீனப் பெண்மணி ஒருவர், கூடவே மொழிபெயர்க்கக் கொழும்புப் பொடியன் ஒருவன். மாலை, சந்தனம், பாட்டு எல்லாம் முடிந்து அறைக்குள் வந்தார்கள். அந்தப் பெண்மணி நேரே ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் குந்தி, இந்தப் புத்தகங்கள் உனக்குப் பிடிக்குமா என்று சீனத்தில் கேட்டார்.

ஜெனிற்றா எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சுத்தமான சீனத்தில் சொன்னாள்: மிகவும் பிடிக்கும். நேற்றுத்தான் முதன்முதல் கண்டேன். நாளைக்கும் இந்த அறை திறந்திருக்குமா?

என்னுடைய லட்சணத்தைக் கேளுங்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோசம். ஏற்றம் இறக்கம் ஒன்றும் பிசகவில்லை. கேள்வியை முடிக்கும்போது நான் சொல்லிக்கொடுத்தபடியே முடித்தாள். அவள் சொன்னது என்னவென்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குள் அதிபர் கை தட்டத் தொடங்கிவிட்டார். அவர் தட்ட எல்லா ஆசிரியர்களும் தட்டினார்கள். கொழும்புப் பொடியன் மட்டும் நிலத்தைப் பார்த்தான். பெண்மணி ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். நாங்கள் கிட்டவும் போயிராத கடைசிப் பாடத்தில் செம்மண் விரல்கள் அப்பியிருந்தன. அவர் சிரித்தபடியே புத்தகத்தை மூடினார். ரோல்ஸ் ஒன்றும் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் ஒரு லொறி வந்தது. பலகை, குளிரூட்டி, கருவிகள், புத்தகங்கள் எல்லாம் வேறு பள்ளிக்கூடத்துக்கு என்று ஏற்றினார்கள். கொழுவியில் தொங்கிய விளக்குகளைக் கழற்ற ஏணி இல்லையென்று விட்டுப்போனார்கள். கொழும்புப் பொடியன் சொன்னதை லொறிக்காரர் வாய்விட்டதில், அறைக்குள் அவள் சொன்னது என்னவென்று அதிபருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஜெனிற்றாவை மேடைக்குக் கூப்பிட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது.

"வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ. எங்கடை பள்ளிக்கூடத்தைக் காட்டிக் குடுத்தவள் இவள்தான்," என்றார்.

வேறு ஊரில் அது வெறும் வசவு. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஆட்கள் செத்திருக்கிறார்கள். பெரியவர்கள் எவரும் அதை வாய்தவறியும் சொல்வதில்லை.

"சேர், அவள் பொய் சொல்லேல்லையே," என்றேன். வீரம் என்று எழுத ஆசைதான். ஆனால் லொறியோடு என்னுடைய வேலையும் போய்விட்டது. இழக்க எதுவும் இல்லாதவளின் வாய் அது.

"நீர் நாளையிலை இருந்து வரத் தேவையில்லை," என்றார். அப்பா அதற்குப் பிறகு ஒரு வருடம் கோயிலுக்கே போகவில்லை.

எனக்குப் போனது வேலை. அவளுக்கு அதோடு முடியவில்லை. வகுப்பில், வழியில், தண்ணீர்க் குழாயடியில் அந்தச் சொல்லே அவளுக்குப் பெயரானது. தேத்தண்ணி தெளித்தவன்தான் முதலில் கூப்பிட்டானாம். தவணை முடிய முன்னமே அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள்.

இப்போது அந்த அறையில் உடைந்த கதிரைகளை அடுக்கியிருக்கிறார்கள்; விளக்குகளை யார் கழற்றி விற்றார்களோ தெரியாது. அதிபர் இளைப்பாறிவிட்டார். கொட்டகையைப் பிடுங்கி மதில் கட்டியாயிற்று. கடலட்டைப் பண்ணையும் மூடிவிட்டார்களாம்; அந்தச் சீனாக்காரர் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஜெனிற்றாவின் தகப்பனுக்குக் கடைசிவரை தெரிந்ததோ தெரியாது. நான் தண்ணீர் பம்பு விற்கும் கடையில் பெட்டிகளின் சீன எழுத்தை வாசித்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். வாசிக்கிறேனே தவிர, கதைக்க ஆளில்லை.

பொங்கலுக்குச் சீலை எடுக்கப் போன இடத்தில் அவளைக் கண்டேன். புடைவைக் கடைச் சீருடை, பின்னிக் கட்டிய தலை. "வாங்கோ ரீச்சர், என்ன விலையிலை பாக்கிறியள்?" என்று சிரித்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டாள். பக்கத்தில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து, இன்னும் நினைவிருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன்.

அவள் தலை நிமிரவில்லை. விரித்த சீலையை மடித்து, கையால் நீவி நீவி நேராக்கினாள்.

"எல்லாம் மறந்திட்டன், ரீச்சர்."

பாவம், மறக்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோப்பாய்ப் பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் கேட்டது சீனத்தில்.