டோலு கொட்டு பா

காலை ஏழு மணி. பள்ளிக்கூட மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது, கேழ்வரகுத் தாளைக் கொளுத்திய நெருப்புக்கு மேலே இரண்டு பையன்கள் பெரிய டோலைத் தூக்கிப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்ததை. ஓசூரின் ஜனவரிப் பனிக்கு டோலின் தோல் தொய்ந்துவிடும். சூடு காட்டாமல் அடித்தால் "தொப்பு தொப்பு" என்று ஈரத்துணியைத் துவைக்கிற சத்தம்தான் வரும். ஐம்பதுகளின் நடுவில், எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. அன்று குடியரசு தினம். பள்ளி பாண்டு தாலுகா கச்சேரி வரை அணிவகுத்துப் போகவேண்டும்.

நான் அதுவரை பியூகிள் ஊதியவன். தீபாவளி கழிந்து ஒரு நாள் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி சட்டென்று தலையைத் தூக்கியதில் மேல்வரிசை முன்பல் போய்விட்டது. அதன்பிறகு ஊதினால் காற்று மட்டும் வந்தது. "இனிமே உனுக்கு ஊதறதுக்கு அடுப்புதான்டா" என்றார்கள் கூட்டாளிகள். வாத்தியம் இல்லாதவன் வெள்ளைச் சட்டையையும் சிவப்புப் பட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு நிற்கவேண்டும் என்பது டிரில் மாஸ்டர் வைத்த சட்டம். அந்தச் சமயத்தில் டோல் அடிக்கும் பாகலூர் முனிராஜ் சுரத்தில் படுத்ததால், அவன் வரும்வரை என்று சொல்லி டோலை என் கழுத்தில் மாட்டினார் மாஸ்டர். டோல் விழும்போது இடது கால் விழவேண்டும். பாண்டு முழுவதும் அந்த ஒரு அடிக்குத்தான் கிளம்பும், அதற்குத்தான் நடக்கும்.

அன்று காலை நாங்கள் வரிசையில் நின்ற பிறகு, இளைத்துப்போன முனிராஜ் கேட்டுக்குள் வந்தான். மாஸ்டருக்குத் தாய்மொழி கன்னடம்; எங்களிடம் தமிழில்தான் பேசுவார், அவசரம் வந்தால் கன்னடம் வந்துவிடும். கேட்டருகில் நின்றபடி என்னைப் பார்த்துக் கத்தினார்: "டோலு கொட்டு பா!"

கன்னடத்தில் அதற்கு, டோலைக் கொடுத்துவிட்டு வா என்று பொருள். என் காதில் விழுந்தது "கொட்டுப்பா". கொட்டினேன். சின்ன டிரம்கள் சேர்ந்துகொண்டன, குழல்கள் சேர்ந்துகொண்டன, எல்லா இடது காலும் எழுந்தது, பாண்டு வாசலைத் தாண்டிவிட்டது. கிளம்பிய பாண்டு நடுவில் நிற்கக்கூடாது என்பதும் அவர் வைத்த சட்டமே என்பதால் மாஸ்டர் பக்கவாட்டில் ஓட்டமும் நடையுமாக வந்தார். அப்போதுதான் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த தலைமையாசிரியர் எங்களை வழியில் எதிர்கொண்டார். சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே எங்கள் பின்னால் நடந்தார்.

தாலுகா கச்சேரி வாசலில் மாஸ்டர் என் எதிரே வந்து நின்றார். "அவனுக்குக் குடுத்துட்டு வான்னா, ஊரையே கூட்டிகிட்டுக் கிளம்பிட்டியாடா?" என்றபடி சிவப்புப் பட்டையின் முடிச்சில் கையை வைத்தார். கூடவே நடந்து வந்திருந்த முனிராஜ்தான் பேசினான்.

"கொட்டுன்னுதானே சார் சொன்னீங்க? எங்க வீட்டுத் தெலுங்குலயும் கொட்டுன்னா அடிக்கறதுதான். நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்."

மாஸ்டர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

"உனக்குப் பல்லெல்லாம் இருக்குதாடா?" என்று முனிராஜைக் கேட்டார்.

அவன் வாயைத் திறந்து காட்டினான். அடுத்த வாரம் என் பியூகிள் அவன் கைக்குப் போனது. டோல் என்னிடமே தங்கியது. அதற்குப்பின் எதையாவது யாரிடமாவது கொடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் மாஸ்டர் "கிவ்" என்பார்.

இந்த ஜனவரியில் பாகலூர் சாலையில் தொழிற்சாலை பஸ்களுக்கு நடுவே நின்றிருந்தபோது ஒரு பள்ளி பாண்டு கடந்துபோனது. பெரிய டோலைச் சுமந்து வந்தது ஒரு பெண். இடது காலுக்குச் சரியாக அடித்தாள். தோல் பிளாஸ்டிக், பனிக்குத் தொய்யாது. கடைசி வரிசை போகும்வரை பார்த்தேன். பியூகிள் இல்லை.