தெரியவில்லை என்பதற்கு ஒரு நிறம்

என் தங்கை மல்லுக்கட்டி வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை எழுதி வாங்கிய டிப்ளமோ. குடிநீர் அலுவலகத்தின் கண்காணிப்பு அறையில் ஒரு நாற்காலி. முதல் நான்கு மாதம் அதற்கு ஒரு கை கிடையாது. ஏழு மாதம் கேட்டுக் கேட்டு வாங்கிய ஒரு பாஸ்வேர்டு. அந்த அறைச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஆரஞ்சு நிறத்துக்கு ஓர் இடம். கடைசியாக, ஒரு படிவத்தின் அடியில் பேனாவால் இழுத்த ஒரு கோடு. இதில் எதையும் யாரும் அவளைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். மருந்துகளுக்கான அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில், சரிபார்ப்புப் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். அவளுடைய வேலையை எனக்குப் புரிந்த அளவில்தான் எழுத முடியும். தேதிகளும் எண்களும் மட்டும் சரியாக இருக்கும். சந்தேகம் வந்த இடங்களில் அவளிடமே கேட்டுத் திருத்தியிருக்கிறேன்.

வீட்டில் அவளுக்கு நச்சு என்று பெயர். ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால் பதில் வரும்வரை நச்சரிப்பாள் என்பதால் அம்மா வைத்தது. அந்தக் குணத்தோடு அவள் போய்ச் சேர்ந்த இடம், கேள்வி கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் அறை.

எங்கள் ஊரில் பதினோரு மேல்நிலைத் தொட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறிய இரும்புப் பெட்டி. அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் "இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் திரையில் அந்தத் தொட்டிக்குப் பச்சை. பதில் வராவிட்டால் சிவப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"இருக்கியான்னு மட்டும் கேட்டா போதுமாடி? தண்ணி இருக்கான்னு கேக்க வேணாமா?"

"அதத்தாங்க்கா நானும் கேக்கறேன். தொட்டி காலியா இருந்தாலும் பெட்டி இருக்கேன்னுதான் சொல்லும். அதுக்கென்ன தாகமா எடுக்குது?"

தொட்டிகளில் நீர்மட்ட மீட்டர் ஏற்கெனவே இருந்தது. யாராவது நேரில் போய்ப் பார்த்தால்தான் அது சொல்லும். அந்தக் கண்காணிப்பு அமைப்போடு சின்னச் சின்ன நிரல்களை ஒட்டவைக்கலாம், பிளகின் என்பார்கள். ஒவ்வொரு பிளகினும் புதிதாக ஒரு கேள்வியைக் கொண்டுபோய்க் கேட்டு, பதிலை ஓர் எண்ணாகத் திருப்பிக் கொடுக்கும். பூஜ்யம் என்றால் நலம், பச்சை. ஒன்று என்றால் கவனி, மஞ்சள். இரண்டு என்றால் ஆபத்து, சிவப்பு. மூன்று என்றால் தெரியவில்லை, ஆரஞ்சு. மீட்டரிடம் மட்டத்தைக் கேட்கும் பிளகினைத் தன்னால் எழுத முடியும் என்றாள். எழுதியும் விட்டாள், வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில். அதை அமைப்புக்குள் வைக்கத்தான் பாஸ்வேர்டு வேண்டும்.

பாஸ்வேர்டு பிரிவுப் பொறியாளரிடம் இருந்தது. அறையில் அவருக்குப் பச்சை சார் என்று பட்டப்பெயர். உள்ளே வந்ததும் முதலில் திரையைப் பார்ப்பார். எல்லாம் பச்சையாக இருந்தால் டீ சொல்வார். ஒன்று சிவப்பாக இருந்தாலும் அன்றைக்கு யாருக்கும் டீ கிடையாது.

"ஓடிட்டிருக்கிறதை எதுக்கும்மா கிளறணும்?" இதுதான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் பதில். இருபத்தொன்பது திங்கட்கிழமைகள். முப்பதாவது வாரம் அவர் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் போனார். அந்த வாரம் பார்த்துத் திரை மொத்தமும் சிவப்பாகிவிட்டது. வேறு வழியில்லாமல் போனில் அவளிடம் பாஸ்வேர்டைச் சொன்னார். அவள் பழுதைச் சரிசெய்தாள். கையோடு தன் பிளகினையும் ஒரு தொட்டிக்கு உள்ளே வைத்தாள். திரும்பி வந்தவர் திட்டிவிட்டு, மேலிடத்தில் பாராட்டு வந்ததும் "மத்த பத்து தொட்டிக்கும் போட்டுடுங்க" என்றார்.

ஒவ்வொரு பிளகினின் தலையிலும் "எழுதியவர்" என்று ஒரு வரி இருக்கும். பதினொன்றிலும் அவர் பெயர். இவளைப் போன்ற ஒப்பந்த ஆட்கள் எதிலும் பெயர் போடக்கூடாது, கையெழுத்தும் போடக்கூடாது என்பது அங்கே விதி. வருகைப் பதிவுகூட ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து பெயருக்கு எதிரே டிக் போடுவதுதான். எனக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் பிரிவில் நான் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பதினான்கு என்று என் எண் போட்ட சீட்டு இருக்கும். பெட்டி நன்றாக இருந்தாலும் என்னுடையது, கிழிந்து திரும்பி வந்தாலும் என்னுடையது. டிப்ளமோ படித்த இவளுக்கு அந்தச் சீட்டுகூட இல்லை.

"விடுக்கா, தண்ணி வருதுல்ல" என்பாள். வந்தது என்பதும் உண்மை. அந்த வருடம் எந்தத் தொட்டியும் வறண்டு போகவில்லை.

பிறகு ஆரஞ்சு தகராறு வந்தது. மீட்டர்கள் பழையவை. மழை பெய்தால் ஒன்றிரண்டு பதில் சொல்லாது. உடனே திரையில் அந்தத் தொட்டி ஆரஞ்சாகிவிடும். பெரிய அதிகாரிகள் பார்வையிட வரும் நாள் ஒன்றில் மூன்று ஆரஞ்சு இருந்தது.

"என்னம்மா இது, வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

"தெரியலைன்னு அர்த்தம் சார். மீட்டர்லருந்து பதில் வரல."

"நமக்குத் தெரியலைன்னு நாமளே சுவர்ல எழுதி மாட்டிக்கணுமா?"

"அப்ப சிவப்பு போட்டுடட்டுமா சார்?"

"பச்சை போடுங்க. ஆபத்துன்னு தெரிஞ்சாத்தானே ஆபத்து?"

ஆறு வாரம் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தாள். மீட்டர்களை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதினாள். கடிதத்திலும் அவள் பெயர் இருக்கக்கூடாது என்பதால் அவர் கையெழுத்துக்காக மேசையில் வைத்தாள். அவை மேசையிலேயே கிடந்தன. ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பட்டியல் தயாரானது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே பச்சை சார், "அந்த ஆரஞ்சு என்னாச்சும்மா?" என்று கேட்டிருக்கிறார். ஜனவரி 21, திங்கட்கிழமை, அவள் விட்டுக்கொடுத்தாள்.

"மூணை அழிச்சிட்டு பூஜ்யம் போட்டேன். ஒரே ஒரு எண்ணுக்கா" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

பிப்ரவரி 6, புதன்கிழமை காலையில் எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. முதலில் காற்று வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அம்மா பாத்திரம் தேய்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டு என்னை முறைத்தாள், நான்தான் குழாயை அடைத்துவிட்டது போல. நான் நச்சுவுக்குப் போன் போட்டேன். அவள் அப்போதுதான் அறைக்குள் நுழைந்திருந்தாள்.

"தண்ணி வரலடி."

"இருக்காதேக்கா. நம்ம ஏழாம் நம்பர் தொட்டி பச்சையா இருக்கு."

"உன் பச்சையைக் குடிக்க முடியுமா?"

போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் அந்த அமைப்பு அடுத்த கேள்வியைக் கேட்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. பச்சை சாரிடம் ஓடினாள். "திரை பச்சையா இருக்கில்ல? உங்க வீட்டு வால்வைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் அதே பேச்சு. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு அலுவலகத்துக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். எத்தனை மணிக்குக் குழாய் நின்றது, தெருவில் எத்தனை வீடு, யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது, எல்லாம். கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தப் புகார் யார் தலையில் போய் விழும் என்று நான் யோசிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அன்று மதியம் பம்ப் மெக்கானிக் ஏழாம் எண் தொட்டியில் ஏறினார். மேலேயிருந்தே கத்தினாராம்: "உங்க கம்ப்யூட்டர் பச்சையைக் காட்டுது, இங்க தொட்டி பல்லைக் காட்டுது!" மீட்டர் வயரை எலி கடித்திருந்தது. மீட்டர் பதில் சொல்லவில்லை. பிளகின் அதை நலம் என்று எடுத்துக்கொண்டது. பிறகு பம்ப் நின்றபோது, மட்டம் இறங்குவதைச் சொல்ல ஆளே இல்லை. வெள்ளிக்கிழமை மாலைதான் தண்ணீர் வந்தது. இரண்டாயிரத்து இருநூறு வீடுகளுக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை.

விசாரணை என்றார்கள். பிளகினின் தலையில் தன் பெயர் இருப்பது பச்சை சாருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. "டைப் அடிச்சது அந்தப் பொண்ணு, அவசரத்துல ஏதோ மாத்தி அடிச்சிடுச்சு" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் பெரிய சண்டை.

"நீ வாயைத் திறக்காதே" என்றேன். "மேல அவன் பேருதானே இருக்கு? அவனே பதில் சொல்லட்டும்."

"எழுதினது நான்க்கா."

"நல்லதுக்கெல்லாம் அவன் பேரு, தப்புக்கு மட்டும் உன் பேரா? உனக்குப் பைத்தியமாடி? அடுத்த மாசம் வேலை இருக்குமா?"

"மூணை பூஜ்யமாக்கினது யாரு கை? அவர் சொன்னார், சரி. நான் ஏன் போட்டேன்? நாற்காலி போயிடும்னு போட்டேன்." முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே பேசினாள், அது பொடிப்பொடியாகிக்கொண்டிருந்தது. "உன் பெட்டி கிழிஞ்சு வந்தா பதினாலாம் நம்பர் என்னுது இல்லைன்னு சொல்வியா?"

அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் முதல்ல அந்தக் கோஸை விடுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல், அவள் மேல், என் மேல்.

விசாரணைக்குப் புகார் கொடுத்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன அறை, நீள மேசை, ஓடாத கடிகாரம் ஒன்று. தலைமைப் பொறியாளர் ஒரு பெண். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் புகாரை இரண்டு முறை படித்தார். பிறகு அவளுடைய கோப்பைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே விலாசமா?"

"அக்கா, மேடம்" என்றாள் நச்சு.

"நல்லா இருக்கு. புகார் குடுக்க வீட்டுலயே ஆள் வெச்சிருக்கீங்க." அவர் சிரிக்கவில்லை. "இந்த பிளகினை எழுதினது யாரு?"

பச்சை சார் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள், "நான், மேடம். பதினொன்னும் நான் எழுதினது" என்றாள். "பதில் வரலைன்னா பச்சைன்னு மாத்தினதும் நான்தான். ஜனவரி இருபத்தொன்னு."

"யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. வாய்வார்த்தையா. ஆனா போட்டது என் கை."

தலைமைப் பொறியாளர் பச்சை சாரைப் பார்த்தார். அவரோ மேசையைப் பார்த்தார்.

"தப்புன்னு எழுதித் தருவீங்களா?"

"தர்றேன் மேடம். அதோட இதையும் வாங்கிக்கணும்." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். அமைப்பில் எதை மாற்றினாலும் நிரப்ப வேண்டிய மாற்றப் படிவம். பதினோரு பிளகினிலும் பூஜ்யத்தை எடுத்துவிட்டுத் திரும்ப மூன்று போடுவதாக அதில் எழுதியிருந்தாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆரஞ்சாகவே இருக்கும் தொட்டிக்கு ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்திருந்தாள். "தெரியலைன்னா தெரியலைன்னுதான் காட்டணும். இல்லாட்டி என்னை வெச்சுக்கிட்டும் பிரயோஜனமில்ல."

அன்றைக்குப் பின் என்ன நடந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம்தான் நீண்டது. பச்சை சாருக்குக் கடிதம் எதுவும் இல்லை. ஜூனில் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். வழியனுப்பு விழாவில் பதினோரு கருவிகளை உருவாக்கியவர் என்று அவரைப் புகழ்ந்தார்களாம். அதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மீட்டர்கள் இன்னும் பழையவைதான். மழை பெய்தால் திரையில் ஆரஞ்சு வருகிறது, மெக்கானிக் திட்டிக்கொண்டே ஏறிப் பார்க்கிறார்.

ஆனால் அந்தப் படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்துக்கு இரண்டே கட்டங்கள்: பிரிவுப் பொறியாளர், தலைமைப் பொறியாளர். ஒப்பந்த ஆளுக்கு இடமில்லை என்று விசாரணை அன்று பச்சை சார் மெதுவாக நினைவுபடுத்தினார். தலைமைப் பொறியாளர் தன் பேனாவைத் திறந்து, இரண்டு கட்டங்களுக்கும் கீழே கையாலேயே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு முன்னால் "எழுதியவர்" என்று எழுதிக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனாவை வாங்கினாள். முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் போட்டாள். பக்கத்தில் தேதியும் போட்டாள்: 2019, பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை.