அருளப்பன் இரண்டு முறை திறந்த கியர் பாக்ஸ்

வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "மெக்கானிக் அருளப்பன் காலையில தவறிட்டார் சிஸ்டர்" என்றார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடக்கத்துக்கு வந்தேன், ஊர்க்காரர்கள் நீங்கள் எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினீர்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மைசூர் ஆஸ்பத்திரிக்கு ஓர் அமெரிக்கர் விட்டுப்போன கார் உங்களுக்கு நினைவிருக்கும். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். மற்ற மெக்கானிக்குகள் அதைக் கண்டாலே டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒருநாள் என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. அருளப்பன் கியர் பாக்ஸைத் திறந்து, உள்ளே பிளேட்டுகள் கருகிவிட்டன என்றார். புதியவை கப்பலில் வர மாதக்கணக்காகும். எங்கோ ஓர் எஸ்டேட்டில் நொறுங்கிக் கிடந்த அதே மாதிரிக் காரிலிருந்து பிளேட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

அவற்றைப் பொருத்திய அன்று மதியமே எங்கள் டாக்டரம்மா அந்தக் காரில் ஹனூரைத் தாண்டி மார்டள்ளி கிராமத்துக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருந்தது, குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷனில் வயிற்றை மூடும் முன் பஞ்சுகளை எண்ணுவோம் என்பதைக் கேள்விப்பட்டிருந்த அருளப்பன் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். "இதுல எண்ணெய்தான் சிஸ்டர் கியர் போடுது. அதுக்கு வழி விடறது இந்தக் குண்டுங்க. நீங்க எண்ணுங்க, நான் மூடறேன்" என்றார். மிளகைவிடச் சற்றே பெரிய எஃகுக் குண்டுகள், ஏழு. ஒவ்வொன்றாக என் தட்டிலிருந்து எடுத்தார்.

எனக்கோ வார்டு நினைப்பு. "ஏழும் ஆச்சா சிஸ்டர்?" என்று கேட்டார். "ஆச்சு, ஆச்சு" என்றேன். எண்ணவில்லை.

எண்ணெய் ஊற்றி மூடியபின், தட்டின் துணியை உதறினேன். ஒரு குண்டு விழுந்தது. அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இப்படியே ஓட்டினா என்ன?" என்று வேறு கேட்டேன்.

"ஹனூர் தாண்டி நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" என்றவர், கோபப்படாமல் மறுபடி ஸ்பானரை எடுத்தார்.

டாக்டரம்மா பஸ்ஸில் போனார், தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். தாய் பிழைத்தாள், குழந்தை போய்விட்டது. திரும்பி வந்து, யாருடைய தப்பு என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நான்தான் எண்ணல டாக்டரம்மா" என்றார் அருளப்பன்.

வெளியே வந்ததும், நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "பேடா சிஸ்டர், வேண்டாம், விடுங்க. எனக்கு வேற வண்டி கிடைக்கும். உங்களுக்கு வேற ஆஸ்பத்திரி கிடைக்குமா?"

அதன்பின் ஆஸ்பத்திரி அவரைக் கூப்பிடவே இல்லை. அவர் போட்ட பிளேட்டுகளோடு கார் இன்றும் ஓடுகிறது. 'குண்டை மறந்த அருளப்பன்' என்று நீங்கள் கேலி செய்தபோது நானும் சிரித்து வைத்தேன். நினைத்தால் கூசுகிறது.

இன்று காலை டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என்ன முடிவு செய்வாரோ தெரியாது. கவனமான நர்ஸ் என்று எனக்கு இந்த ஊரில் ஒரு பெயர் உண்டு. அருளப்பனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். அந்தக் குண்டுகளை எண்ணாமல் விட்டவள் நான், அவர் அல்ல.