“அன்புள்ள தம்பி” என்று அக்காவுக்கு வந்த கடிதங்கள்

அக்கா இறந்து ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பி எழுதுவது. தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘பொருள்’, ‘பார்வை’ என்று போட்டுத்தான் எழுதிப் பழக்கம். உருக்கமாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அவர் பள்ளி முடித்த வருடமே அப்பா இறந்தார். அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா மருந்தாளுநர் படிப்பை முடித்து, சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் சமைத்து, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, என்னை இரண்டு அடி போட்டு எழுப்பிவிட்டு பஸ் பிடிப்பார். எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். மாமா சிதம்பரத்துக்காரர். அக்கா பேசுவார், மாமா கேட்பார். மாமா காலமாகும்வரை அந்த வீட்டில் இந்த ஏற்பாடு மாறவில்லை.

அக்கா கவிதை எழுதினார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. மருந்து வாங்கும் வரிசை ஓய்ந்த நேரத்தில் பழைய மருந்துச் சீட்டுகளின் பின்புறம் எழுதுவார். ஒரு சிறுபத்திரிகையில் நாலைந்து வெளிவந்தன. அவற்றைப் படித்துவிட்டு போர்த்துகலிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார். சேத்தியாத்தோப்பில் பிறந்து, கப்பல் வேலைக்குப் போய், அங்கேயே தங்கி நாவல்கள் எழுதியவர். “அன்புள்ள தம்பி” என்று தொடங்கியிருந்தார். அக்காவின் பெயர் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது, பாருங்கள். நம் கோயில் பங்கில் அதை ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ஆக, வீட்டில் தம்பி நான். தபாலில் தம்பி அக்கா.

சாய்ந்த கையெழுத்தில், தாளின் இரண்டு பக்கமும் நிறைய வரும் கடிதங்கள். பெரும்பாலும் திட்டுதான். “இது கவிதை இல்லை தம்பி, கல்யாணப் பத்திரிகை” என்று ஒன்றில் எழுதியிருந்தார். அக்கா அந்த வரியைத் தனியாக எழுதி மருந்து அலமாரியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். தவறான விவரத்தைத் திருத்திவிடலாமே, ஒரு கடிதம் போதும், படிவம்கூடத் தேவையில்லை என்று நான் முறைப்படி எடுத்துச் சொன்னேன்.

“சும்மா இருடா. தம்பின்னு நெனைக்கிறதாலதான் இப்புடி திட்டறாரு. பொம்பளன்னு தெரிஞ்சா கும்புட ஆரம்பிச்சிடுவாரு. கும்புடறதுக்கு ஆஸ்பத்திரியில நெறைய பேரு இருக்காங்க. திட்டறதுக்கு இவரு ஒருத்தருதான்.”

பல வருடம் இப்படியே ஓடியது. பிறகு, சிதம்பரத்தில் ஒரு கூட்டத்தில் பேச வருவதாகவும், தம்பி ரயிலடிக்கு வர வேண்டும் என்றும் எழுதினார். அக்கா என்னைப் போகச் சொன்னார். ஆள்மாறாட்டம் குற்றம், எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது என்றேன். கடைசியில் இருவரும் போனோம். பெரியவர் இறங்கியதும் நேரே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“ஐயா, நான் தாலுகா ஆபீசு. கவிதை இவுங்க” என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பி, மன்னிக்க வேண்டும் அம்மா என்றார். அன்று மதியம் அக்கா வைத்த மீன்குழம்பைப் புகழ்ந்தார். கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் திரும்பி அவர் எழுதிய கடிதம் “மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு” என்று தொடங்கியது. அக்கா அனுப்பியிருந்த ஆறு கவிதைகளும் மிகச் சிறப்பு என்றது. அக்கா அதை எடுத்துக்கொண்டு கடலூருக்கு வந்து என் முன்னால் போட்டார்.

“பாத்தியா, கும்புட்டுட்டாரு.”

அதன்பின் அக்கா கவிதை எழுத மருந்துச் சீட்டைத் திருப்பவே இல்லை. மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது, நீ மனு எழுதறவன்தானே, எனக்கு ஒன்று எழுதிக் கொடு என்றார். என் பணிக்காலத்தில் எழுதிய எதையும்விட அதைக் கவனமாக எழுதினேன். பொருள்: நிறுத்தப்பட்ட திட்டுகளை மீண்டும் வழங்கக் கோருதல். பார்வை: தங்களது அம்மையார் கடிதம். அக்கா கையெழுத்திட்டு, ஏழு புதிய கவிதைகளையும் இணைத்தார்.

பதில் வரத் தாமதமானது. “அன்புள்ள தம்பி, மனு ஏற்கப்பட்டது. ஏழில் ஐந்தைக் கிழித்துப் போடு.” போனில் எனக்குப் படித்துக் காட்டும்போது அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்தையும் அன்றைக்கே கிழித்தாராம்.

கடைசி நோயை அக்கா மருந்தாளுநராகவே எதிர்கொண்டார். எந்த மாத்திரை எதற்கு என்று நர்சுகளுக்கே சொன்னார். மருத்துவமனையில் ஒரு கவிதையும் எழுதினார், பன்னிரண்டு வரி. அடக்கம் முடிந்தபின் நான் பெரியவருக்குத் தகவல் எழுதி, அந்தக் கவிதையின் நகலையும் வைத்தேன். தொண்ணூறை நெருங்கும் அவரிடமிருந்து அதே சாய்ந்த கையெழுத்தில் பதில் வந்தது. துக்கத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு, கீழே இப்படி முடித்திருந்தார்: “தம்பியின் கவிதை நன்று. கடைசி இரண்டு வரி வேண்டாம். அழவைக்கப் பார்க்கின்றன.”

எனக்கு மிகவும் பிடித்தவை அந்த இரண்டு வரிகள்தான். அக்காவின் மகளும் நானும் கலந்து பேசி எடுத்துவிட்டோம். பின்னட்டையில் நீங்கள் படிப்பது பத்து வரி.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், கூடவே இருந்த செவிலியர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், கல்லறைவரை வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. போர்த்துகல் பெரியவருக்குத் தனியாக நன்றி. அக்கா இறந்த பிறகும் அவர் கும்பிடவில்லை.