பார்க்காமல் அள்ளிய கடலை

2008-ம் வருஷம், கல்யாணமாகி முதல் கோடை. நானும் என் வீட்டுக்காரரும் ராமநாதபுரத்தில் இருந்து ராமேஸ்வரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். அவருக்கு முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் விவசாயம். எனக்கு ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை.

சாமி கும்பிடப் போகிற மனசே எனக்கு இல்லை. லேபில் யாரோ பாஸ்வேர்டு திருடும் புரோகிராமைப் போட்டு, ஹாஸ்டல் பெண்களின் மெயிலுக்குள் புகுந்துகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு வந்த இன்டர்வியூ அழைப்பையே அழித்துவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் இன்டர்நெட்டை நிறுத்திவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்தப் பெண்களுக்கு வேலை தேட வேறு வழி கிடையாது. நானோ தினமும் காலையில் முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரை சலித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. கீழே பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத கடல். எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. என்னைத் தேற்றுவதற்காக அவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒத்தையா ரெட்டையா விளையாடலாம் என்றார். அவர் கைக்குள் இருப்பது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி ஜெயித்தேன். மனுஷன் ஒருதரம் ஒத்தை வைத்தால் மறுதரம் ரெட்டை. பாவம், ஏமாற்றத் தெரியாத ஆள். கடலையெல்லாம் என் மடிக்கு வந்துவிட்டது.

ரோஷம் வந்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு என் மடியில் இருந்தே ஒரு கை அள்ளினார். தப்பாகச் சொன்னேன். அதற்குப் பிறகு சரியும் தப்பும் கலந்து வந்ததே தவிர, ஊகிக்க வழியே இல்லை. என்ன மாயம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் எத்தனை அள்ளுனேன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

நான் எம்.சி.ஏ.வில் கேம் தியரி என்கிற ஆட்டக் கணக்கைப் படித்து மார்க்கும் வாங்கியவள்தான். எதிராளி நம்மைக் கவனிக்கும்போது, நம் அடுத்த அடி நமக்கே தெரியாமல் இருப்பதுதான் காவல் என்று அதில் வரும். லேபில் இருப்பவனும் என்னைத்தானே கவனிக்கிறான்! நான் அவன் மெஷினுக்கு வருமுன் புரோகிராமை எடுத்துவிட்டு, போனபின் போடுகிறான். பாலம் முடிந்ததே தெரியவில்லை. கோயிலில் தீர்த்தமாடியதும் கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை முதல் மெஷின் நம்பர்களையும் நேரத்தையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, சீட்டில் வந்த மெஷினை, வந்த நேரத்தில் திறந்து பார்த்தேன். பல நாள் வெறுங்கைதான். ஒரு மத்தியானம் அந்தப் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிக்கியது. வைத்தவனும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். இன்டர்நெட் நிற்கவில்லை. இன்டர்வியூவைத் தவறவிட்டவள் அடுத்த அழைப்பை அதே லேபில் திறந்து பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

அச்சுப் பிசகாமல் வேலை பார்க்கிறவள் என்று பேர் எடுத்தவள் நான். அந்தப் பேரையே ஒருவன் ஏணியாக்கி உள்ளே ஏறினான் என்பதை நினைத்தால், எல்லாம் வரிசையாக நடக்கிற நாளில்தான் இன்றைக்கும் எனக்குப் பயம் வருகிறது.