நூல் கட்டிய கம்பிகள்

மாலை நாலரை மணிக்குச் செய்தி வந்தது. மின்சாமான் கடைக்காரர்தான் பேசினார். கீசருக்குத் தெர்மோஸ்டாட் வாங்க வந்தவர், சாமானைக் கையில் வாங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம், எழுந்திருக்கவே இல்லையாம். தையல்காரி போனைக் காதில் வைத்தபடி, "தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டாள். வேறு எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்குப் போயிருந்த அவள் கணவர் ஒரு மருத்துவமனையில் எலக்ட்ரீஷியன். தொட்டதற்கெல்லாம் எகிறுவார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'ஃபியூஸ் அண்ணன்'. வேலையிடத்தில் நிறம் பார்த்துக் கம்பி இழுத்த மனிதர், சொந்த வீட்டுக்கு மட்டும் மலிவாகக் கிடைத்த கறுப்புக் கம்பிச் சுருளையே முழுக்க ஓட்டியிருந்தார். எதையாவது கழற்றினால் மனைவியின் பெட்டியிலிருந்து நூலெடுத்து, கம்பிக்கு ஒரு நிறமாகக் கட்டி வைப்பார்.

"என் நூலெல்லாம் உங்க கம்பிக்கே போகுது."

"உன் ஜாக்கெட் பிரிஞ்சா திரும்பத் தெச்சுக்கலாம். இது மாறிப்போனா வீடே எரியும்."

கீசரில் அவருடைய கைவேலை ஒன்றும் இருந்தது. தண்ணீர் சுட்டதும் அவருடைய அக்காவின் அறையில் மணி அடிக்கும். சுவிட்சைப் போட்டதையே மறந்துவிடுகிற அக்காவுக்காக அவரே யோசித்துச் செய்தது.

அடக்கம் முடிந்ததும், துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகக் குளியலறையைக் கழுவப் போனாள் தையல்காரி. அவர் கழற்றிவிட்டுப் போன கீசரிலிருந்து கம்பிகள் தொங்கின, கம்பிகளிலிருந்து நூல் தொங்கியது. தொங்கும் நூலைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியால் கச்கச்சென்று நறுக்கிப் போட்டாள். கடைசி நூல் விழுந்தபோதுதான் செய்தது என்னவென்று உறைத்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று எல்லாவற்றையும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். எது எந்தக் கம்பியுடையது?

அவரோடு வேலை பார்த்தவர் வந்து பார்த்தார்.

"சுடுதண்ணிக்குக் கவலைப்படாதீங்க அண்ணி. மீட்டர் வெச்சுக் கண்டுபிடிச்சிடுவேன். மணிதான் பிடிபடல. எதை எதோட கோத்திருக்காரோ! தெரியாம மாட்டினா ஆபத்து."

"ஒரே இடத்துலதானே வேலை பாத்தீங்க? ஒருநாள் கேட்டிருக்கக் கூடாதா?"

"ஃபியூஸ் அண்ணன்கிட்டயா? கேட்டுட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "மணியை மட்டும் எப்படியாவது…" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார்.

வாசற்படியில் நின்ற அக்கா, "எனக்கெதுக்குடி மணி? பள்ளிக்கூடமா போறேன்?" என்றாள்.

"நேத்துகூட பாலைப் பொங்க விட்டீங்களே அக்கா."

"நீ நூலை வெட்டின, நான் பாலை விட்டேன். சரியாப்போச்சு, போ."

தெர்மோஸ்டாட்டை மாட்டி, மூடியை முடுக்கி, சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டு அவர் கிளம்பினார். தண்ணீர் சுட்டது. சிவப்பு விளக்கும் அணைந்தது. குளிக்க வரவேண்டிய அக்காவைக் காணோம்.

தையல்காரி போய்ப் பார்த்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில், சுவரில் இருந்த மணியைப் பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, சுட்டுடுச்சு" என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மணிக்குப் போகும் கம்பிகள் இன்னும் இணைக்கப்படவில்லை. முனைகளில் டேப் சுற்றியிருக்கிறது.