ட்ராக்டரா, கயிறு இழுக்கிற மிஷினா?

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகுதான் எனக்குக் கரண்டைப் பற்றிய கவலையே வந்தது. அதற்கு முன்னால் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி, வந்தால் டிவி, அவ்வளவுதான். அவர் மீசை அரும்பிய வயதிலிருந்து கல் குவாரியில் வேலை செய்தவர். குவாரித் தூசு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, இனி எழுந்து போகாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே ஒரு மிஷின் வைத்து, அதிலிருந்து மூக்குக்குக் குழாய் போட்டு ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டுமாம். வாடகைக்கு எடுத்து வந்து பின்னறையில் வைத்தோம். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைக் காத்து மிஷின் என்றே சொன்னோம்.

இது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். எங்கள் வீடு மலேசியாவில், கிள்ளானிலிருந்து காப்பார் போகிற பாதையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசையில் இருந்தது. வானம் தும்மினாலே அங்கே கரண்ட் போய்விடும். காத்து மிஷின் வந்த முதல் மாதமே ஒரு மழையில் போனது. கூடவே கொடுத்திருந்த சின்னச் சிலிண்டரைத் திறந்துவிட்டோம். கரண்ட் திரும்ப வந்தபோது சிலிண்டரின் முள் கடைசிக் கோட்டில் நின்றது. அவர் உதடு கறுத்துப்போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் ஒன்று இல்லாமல் இந்த வீட்டில் இனி நிம்மதி இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது.

எதை வாங்குவது என்பதுதான் தெரியவில்லை.

என் அண்ணன் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர். சொந்தமாக ட்ராக்டர் வைத்திருந்தார். ட்ராக்டரின் பின்பக்கம் சுழல்கிற தண்டில் மாட்டினால் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர் ஒன்று பந்திங் பக்கம் யாரிடமோ சும்மா கிடக்கிறது, கொண்டு வருகிறேன் என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவருக்கு எதுவுமே பெரிதாக இருக்க வேண்டும். சின்ன மிஷினை நம்பி உயிரை வைக்க முடியுமா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். அவரிடம் கேட்டேன். கைப்பிடி வைத்து, கயிறு இழுத்துக் கிளப்புகிற சின்னப் பெட்ரோல் மிஷின் போதும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஏன் போதும் என்று அவர் விளக்க ஆரம்பித்ததும் நான் தொலைந்தேன். வாட் என்றார், கிலோவாட் என்றார், கேவிஏ என்றார். கிலோவாட்டும் கேவிஏவும் ஒன்றுதானே என்றால் ஒன்றுதான் ஆனால் ஒன்றில்லை என்றார். காத்து மிஷின் கிளம்புகிற நொடியில் அதிகமாக இழுக்கும், அப்புறம் குறைவாக இழுக்குமாம். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முட்டி மோதுகிற கூட்டம் போல என்று நானாகப் புரிந்துகொண்டேன். சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது. தையல் மிஷின் மிதித்துச் சம்பாதிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்னபடியே அந்தப் பெரிய ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு ட்ராக்டரோடு வந்து நின்றார். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க ஒரு பல்பும் மேசை விசிறியும் கொடுத்தேன். ட்ராக்டரை முடுக்கினார். பல்பு சூரியன் மாதிரி எரிந்தது, விசிறி பறந்துவிடும்போல் சுற்றியது. வேகத்தைக் குறைத்தார். பல்பு பீடி நெருப்பாகிவிட்டது. மறுபடி கூட்டினார். படீரென்று ஒரு சத்தம், பல்பு போயிற்று. வேகத்தை ஒரே சீராகப் பிடிக்க வேண்டும், பழகினால் வந்துவிடும் என்றார் அண்ணன். என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "மச்சான், நீங்க பழகுற வரைக்கும் நான் இருக்கணுமேலா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் ஜெனரேட்டரை மட்டும் கழற்றி எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ட்ராக்டரோடு போனார்.

ஆனாலும் ட்ராக்டரை வேண்டாமென்று சொல்ல அந்தப் பல்பு காரணமில்லை. அடுத்த வாரமே பகலில் பெருமழை பிடித்து வயரெல்லாம் ஆடியது. அண்ணனைத் தேடி ஆள் அனுப்பினேன். ட்ராக்டர் குலை பாரத்தோடு தோட்டத்துச் சேற்றில் புதைந்து நிற்கிறது, அவர் அதை எடுக்கப் போராடிக்கொண்டிருக்கிறார் என்று சேதி வந்தது. நல்ல வேளை, அன்று கரண்ட் போகவில்லை. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ட்ராக்டர் ஊருக்கு உழைக்கிற சாமான். மழை நாளில் அது எங்கே நிற்கும் என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. யானையை நம்பி அங்குசத்தை மட்டும் வீட்டில் வைத்திருந்து என்ன பிரயோசனம்?

மறுநாள் கிள்ளானில் மிஷின் கடைக்குப் போனேன். சீனத் தவுக்கே, கடை முதலாளி, நாலு மிஷினை வரிசையாகக் காட்டினார். அது சத்தம் குறைவு, இது பெட்ரோல் எண்ணெய் குடிப்பது குறைவு, இன்னொன்றுக்கு உத்தரவாதம் அதிகம். மலாயில் அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலைசுற்றல் கூடியது. கடைசியில் காத்து மிஷின் முதுகில் எழுதியிருந்ததை நான் பிரதி எடுத்துப் போயிருந்த தாளை அவர் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு, இந்த நாலில் எதை எடுத்தாலும் தாங்கும் என்றார். நாலும் தாங்கும் என்றால் எதை எடுப்பது? சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கடையில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். என் கைக்கு எது எழுந்ததோ அதுதான் என் மிஷின். மூன்றாவது எழுந்தது. எனக்குப் புரிந்து நான் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரே பிடிவாதம், பூசை போடாமல் தொடக்கூடாது என்று. ஆயுத பூசை நெருங்கியிருந்தது. சரி, அதோடு சேர்த்துச் செய்யலாம் என்றேன். அவரே சந்தனம் குழைத்தார். குவாரியில் வருஷா வருஷம் லாரிக்கும் கல் உடைக்கும் மிஷினுக்கும் பொட்டு வைத்தவர் இவர்தான், அந்தக் கை சும்மா இருக்குமா? கைப்பிடிக்கு, சக்கரத்துக்கு, கயிற்றுப் பிடிக்கு என்று எல்லாவற்றுக்கும் வைத்தார். பெட்ரோல் டேங்கின் மூடிக்கு வந்தபோது, "தலைக்கு வைக்காம விடலாமா" என்று நட்டநடுவில் அதிரசம் கனத்துக்கு அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கினோம். கயிற்றை இழுத்தேன், எழுந்தது. சாமி காப்பாற்றும் என்று அணைத்துவிட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் வைத்தோம். புகை உள்ளே வரக்கூடாது என்று தவுக்கே சொல்லியிருந்தார்.

பூசை முடிந்து சில நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மழை வந்தது. கரண்ட் போனது. நான் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தேன், முதல் இழுப்பிலேயே எழுந்தது. காத்து மிஷின் உள்ளே ஓட ஆரம்பித்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு. உலை வைத்தால் கொதி வருகிற நேரம்தான் ஆகியிருக்கும், மிஷின் இருமிக்கொண்டே நின்றது.

இழுத்தேன். எழவில்லை. மறுபடி இழுத்தேன், கைதான் வலித்தது. உள்ளே இவர் சிலிண்டரைத் திறந்துவிட்டுக்கொண்டார். முள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியுமே. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், எனக்கு அன்று எது அண்டா எது கை என்றே தெரியவில்லை. எண்ணெய் தீர்ந்ததோ என்று டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே எண்ணெய் நிறைய இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன், எழுந்துவிட்டது!

ஏன் நின்றது, ஏன் எழுந்தது? எனக்கு எதுவும் விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. மூடியைத் திறந்தேன், புஸ், மூடினேன், இழுத்தேன், எழுந்தது. சண்டைக்காரி மாமியார் மாதிரி அடிக்கடி போய் முகத்தைப் பார்த்தால்தான் வேலை செய்யும்போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைக்க? அங்கேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அங்கே உட்கார்ந்தால் இவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாது. மிஷின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. பூசை மணியை ஆட்டிப் பார்த்தாராம், எனக்குக் கேட்கவேயில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அலமாரி மறைத்துக்கொண்டு அவர் பாதம் மட்டும்தான் தெரியும். ஒருமுறை உள்ளே ஓடியபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஓடி ஓடி வராதம்மா. என் காலைப் பாத்துக்க. பெருவிரலை ஆட்டிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

ஆட்டினார். கொட்டகைக்குள் அடித்த சாரலில் நனைந்துகொண்டு ஒரு கையை டேங்க் மூடியில் வைத்து, கண்ணை அந்த விரலில் வைத்து உட்கார்ந்திருந்தேன். விரல் கொஞ்சம் நின்றால் எனக்கு உயிர் போகும். மறுபடி அசையும், வரும். அண்ணன் சேறும் சகதியுமாக வந்தார். பிளக்கில் அழுக்கு, எண்ணெயில் தண்ணீர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தபோது நான் எழுந்திருக்க முடியாமல் அண்ணன்தான் தூக்கிவிட்டார்.

மறுநாள் ஈரத்துணியால் மிஷினைத் துடைத்தேன். மூடியில் காய்ந்திருந்த சந்தனம் வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் ஊசி முனையளவில் ஒரு ஓட்டை. உள்ளே காற்றுப் போகத்தான் அது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. புட்டிப் பாலில் ரப்பரின் காற்று ஓட்டை அடைத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பால் வருமா? இவரிடம் காட்டினேன். வில்லையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மூச்சு முட்டுதுன்னு வாங்கின சாமான், அதோட மூக்கை நானே அடைச்சிருக்கேன் பாரு" என்று சிரிக்க ஆரம்பித்து, இருமலில் கொண்டுபோய் முடித்தார். நல்லாத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

அப்புறம் வந்த ஆயுத பூசைகளில் டேங்கின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பொட்டு மட்டும்தான். மிஷின் எத்தனையோ மழைக்கு ஓடியது. சத்தம் கேட்டதும் அவர் பெருவிரல் தானாக ஆட ஆரம்பித்துவிடும். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன்.

அவர் போனது மழையில்லாத ஒரு காலையில். கரண்ட் இருந்தது. காத்து மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஜனங்கள் வந்தார்கள். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நடு வீட்டில் கிடத்தினார்கள். அண்ணன் வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்து, முறைப்படி இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டக் குனிந்தார். நான் போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டாதண்ணே. கட்டிட்டா எப்படி ஆட்டுவாரு?"

அண்ணன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.